சிலாபத்திலிருந்து தில்லையடிக்கு, நெவி சொன்னபடி

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி, சிலாபம்.

மீன் சந்தைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க் கடையின் முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒன்றின் மேல் புறப்படத் தயாராக இங்கிரிட் என்ற அறுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். மற்றதன் பக்கத்தில் என் தம்பி ரிஸ்வான், கையில் போனோடும் நெற்றியில் வேர்வையோடும் நின்றான். இரண்டுக்கும் நடுவில் நான். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஹெல்மெட் போட்டிருந்தேன். உள்ளே முந்தானை சுருண்டு காதை அடைத்துக்கொண்டதால், யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

கண்டியில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பிறந்த ஊர் புத்தளத்தை ஒட்டிய தில்லையடி. கலியாணம் முடித்துப் போய் முப்பது வருடமாகிறது. "ஒரு நாள் மட்டும் வாங்க ராத்தா, பொம்புளைக்குத் துணையா ஒரு பொம்புள இருந்தா நல்லம்" என்று தம்பி கூப்பிட்டான். எங்கள் வீட்டில் அக்காவை ராத்தா என்போம். அவன் அப்படிக் கூப்பிட்டால் எனக்கு மறுக்க வராது. அது அவனுக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். ரிஸ்வான் ஒன்பது வருடம் கட்டாரில் உழைத்ததை நாலு பழைய மோட்டார் சைக்கிள்களில் போட்டிருந்தான். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்குக் கொடுப்பது திட்டம். நீர்கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பனி ஒரு நிபந்தனையோடு முன்வந்தது. வழிகாட்ட ஆள் கூடப் போகக் கூடாது. பயணி நெவியை மட்டும் நம்பித் தனியாகப் போய்ச் சேர வேண்டும். நெவி என்பது கைபிடியில் பூட்டுகிற, உள்ளங்கையளவான வழிகாட்டிக் கருவி. பாதையைச் சோதிக்கக் கம்பனி அனுப்பியவர்தான் இங்கிரிட். அவர் சரி என்றால் பருவம் முழுக்க ஆட்கள் வருவார்கள். இல்லையென்றால் நாலு சைக்கிளையும் விற்றுவிட்டுத் தம்பி மறுபடி கட்டாருக்குப் போக வேண்டும். அவனுடைய இரண்டாவது மகளுக்கு அப்போது ஐந்து மாதம். மூத்தவள் பிறந்ததையும் நடந்ததையும் அவன் போனில்தான் பார்த்தான்.

பாதையை அவன் இரண்டு கிழமையாக, பதினாலு நாளும் போனிலேயே வரைந்திருந்தான். பெரிய வீதியை விட்டு விலகி, தென்னந்தோட்டங்களுக்குள்ளும் களப்பு என்கிற கடல் ஏரியின் ஓரமாகவும் வளைந்து வளைந்து போகும் அழகான பாதை. இப்போது அதைப் போனிலிருந்து இங்கிரிட்டின் நெவிக்கு அனுப்ப வேண்டும். கம்பி கிடையாது, காற்றிலேயே போகும் என்று பெருமையாகச் சொன்னான். காற்றில்தான் போனது. எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

முதல் தடவை, "அனுப்பப்பட்டது" என்றது போன். இங்கிரிட்டின் நெவியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. தம்பி போனை அணைத்து எழுப்பினான், நெவியை அணைத்து எழுப்பினான், பிஸ்மி சொல்லி மறுபடி அழுத்தினான். கடைசியில் இங்கிரிட் இறங்கிப் போய் அவனுடைய சைக்கிளில் இருந்த நெவியை எட்டிப் பார்த்தார். தம்பி முன்பே ஓடிப் பார்த்த பிரதிக்குப் பக்கத்தில் பாதை இன்னும் இரண்டு பிரதியாக உட்கார்ந்திருந்தது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு நெவிகளுக்கும் ஒரே பெயர். போனுக்கு முதலில் அகப்பட்டது தம்பியுடையது. ஒன்றுக்குப் பெயரை மாற்றிய பிறகு மூன்றாம் தடவை சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"போனில எழுபத்தி நாலு கிலோமீட்டர் எண்டு கிடக்கு. இதில எழுபத்தொம்பது எண்டு காட்டுதே?" என்று நான் கேட்டேன்.

"அது தன்ட கணக்க தான் போடும் ராத்தா. அஞ்சு கிலோமீட்டருக்கு ஏன் கரைச்சல் படுறீங்க."

இங்கிரிட் கையசைத்துவிட்டுப் போனார். நாங்கள் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம், கோப்பை அறுபது ரூபா. பிறகு புத்தளத்துக்குப் போகும் பெரிய வீதியில் நேராகப் புறப்பட்டோம். பின்தொடரக் கூடாது என்பது நிபந்தனை. பாலாவிச் சந்தியில் பதினொரு மணிக்குச் சந்திப்பது ஏற்பாடு. பாலாவி, சிலாபத்திலிருந்து ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர்.

காலை ஒன்பதரை, முந்தல்.

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கை உலகத்தை வேறு மாதிரிக் காட்டுகிறது. பங்கதெனியவையும் பத்துளு ஓயாவையும் பஸ்ஸில் எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன். இந்த முறை தேங்காய் மட்டை ஊறும் வாசம், கருவாட்டு வாசம், பேக்கரிக்காரன் அப்போதுதான் இறக்கிய பாணின் வாசம் என்று மூக்காலேயே ஊர்களை எண்ணினேன். முந்தலில் வீதியோரம் இறால் குளங்கள். காற்றுச் சக்கரங்கள் தண்ணீரை அடித்து நுரையாக்கிக்கொண்டிருந்தன. தம்பி ஒரு கடை நிழலில் நிறுத்திப் போனைப் பார்த்தான். இங்கிரிட் எங்கே போகிறார் என்று காட்டும் நீலப் பொட்டு எங்களுக்குப் பின்னால், களப்புப் பக்கம், நல்ல பிள்ளையாக நகர்ந்து வந்தது.

"பாருங்க ராத்தா, ரயில் மாதிரி வாறா."

அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வயிறு நிறைந்தது. மதுரங்குளியைத் தாண்டும்போது பாட்டுக்கூடப் பாடினான். நல்ல வேளையாக என் காது அடைத்திருந்தது.

பதினொன்றரை, பாலாவிச் சந்தி.

இங்கிரிட் வரவில்லை. நீலப் பொட்டு முந்தலுக்குச் சற்றுத் தெற்கே அப்படியே நின்றிருந்தது. உற்றுப் பார்த்தால் அதன் பக்கத்தில் ஒன்றரை மணிநேரத்துக்கு முந்திய நேரம் இருந்தது.

"போன்ல சார்ஜ் முடிஞ்சிருக்கும்" என்றான் தம்பி. சொன்னவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. அழைத்துப் பார்த்தான். போன் நிறுத்தப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழிகளிலும் சொன்னது.

உம்மா தில்லையடியிலிருந்து போனில் அழைத்தார். உள்ளூர்க் குடும்பத்தோடு பகல் சாப்பாடு என்று பயணத் திட்டத்தில் அவன் எழுதியிருந்தான். அந்த உள்ளூர்க் குடும்பம் எங்கள் உம்மாதான். "சோறு ஆறுது. வெள்ளக்காரி காரம் தின்பாவா, இல்லாட்டி கறில தேங்காப்பால் கூட்டவா?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொல்லும்போது உம்மாவின் குரலைக் கேட்பது கொடுமை.

தம்பியின் பயம் எனக்கு விளங்கியது. அவனுடைய பாதை இறால் குளங்களுக்கு நடுவிலுள்ள மண் வரம்பு ஒன்றின் மேலும் போகிறது. போன கிழமை மழை பெய்திருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். சைக்கிள் சறுக்கி ஆள் அடியில் அகப்பட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். "எனக்கு ஒப்பந்தம் வேணாம் ராத்தா. அந்த மனுசி உசிரோட இருந்தா போதும்" என்றான். சாவியை இரண்டு தடவை பிழையான பக்கம் திருப்பினான். நான் அதைப் பார்த்த பிறகுதான் உண்மையாகப் பயந்தேன்.

வந்த வழியே திரும்பினோம். யாரிடமாவது கேட்போம் என்றால், அது ஜும்ஆ நேரம். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை பகலில் கடைகளின் கதவு பாதி சாத்தியிருக்கும். தராசு இருக்கும், ஆள் இருக்க மாட்டான். ஓட்டோக்கள் வரிசையாக நிற்கும், ஓட்டுபவர்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குள். ஊர் முழுக்கத் தொழுகையில் நிற்க, நாங்கள் இருவரும் வெறும் வீதிகளில் ஒரு வெள்ளைக்காரியைத் தேடினோம். முதலில் அந்த வரம்புக்குத்தான் போனோம். ஈரமண்ணில் லொறிச் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. மோட்டார் சைக்கிள் தடம் ஒன்றும் இல்லை. விழவில்லை என்று ஆறுதல். ஆனால் இவ்வளவு தூரம் வரவே இல்லையே என்று அடுத்த பயம்.

அடுத்து எங்கே என்று கேட்டேன். மதுரங்குளிக் குறுக்குப் பாதை, தென்னந்தோட்டத்துப் பின்பாதை, களப்புத் துறை என்று அவன் விரலை மடக்கினான். எல்லாம் அவன் தலைக்குள் இருந்த பாதைகள்.

"உன்ட நெவியிலயும் அந்தப் பாதை கிடக்குதானே? காலையில பிழையா அனுப்பினியே. முந்தல்ல இருந்து அது சொல்ற மாதிரியே போவம்."

"எனக்குத் தெரியாத ரோட்டா ராத்தா இது?"

"உனக்குத் தெரியும். அவக்குத் தெரியாதே. ஒண்டும் தெரியாதவன் மாதிரி ஓட்டு."

அவனுக்கு அது சரியான அவமானம். முணுமுணுத்துக்கொண்டே நெவியைத் தட்டினான். முந்தலில் இருந்து அது ஆங்கிலத்தில் சொன்னபடி ஓட்டினோம். ஐந்து நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு, இடப்பக்கம் திரும்பு என்றது. தம்பி திரும்பாமல் நேரே விட்டான்.

"ஏன் திரும்பல்ல?"

"இது பள்ளிவாசலுக்குப் போற சின்ன ஒழுங்க. இதால ஒரு இடத்துக்கும் போகேலாது. நேராத்தான் போகணும்."

நெவி விடவில்லை. திரும்பிப் போ என்றது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் மறுபடி, திரும்பிப் போ. தம்பி பிரேக்கைப் பிடித்தான். சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ராத்தா. நான் பள்ளிகள்ளதானே புள்ளி குத்தினேன்."

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பாதை வரையும்போது, இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று நடுநடுவே புள்ளிகள் குத்த வேண்டும். சும்மா கடந்து போகும் புள்ளி ஒரு வகை, கட்டாயம் போய் நிற்க வேண்டிய புள்ளி இன்னொரு வகை. எங்கள் ஆட்களிடம் வழி கேட்டுப் பாருங்கள். பெரிய பள்ளியடியால் திரும்பு, சின்னப் பள்ளியைத் தாண்டிப் போ என்பார்கள். அதற்காக யாரும் பள்ளிவாசலுக்குள் வண்டியை விட மாட்டார்கள். தம்பியும் அதே பழக்கத்தில் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் புள்ளி வைத்திருந்தான். வீதியில் வைக்கவில்லை, கட்டடத்தின் மேலேயே வைத்தான். அதுவும் கட்டாயம் நிற்கும் வகையில், ஏனென்றால் அங்கே தண்ணீர், நிழல், கழிப்பறை எல்லாம் இருக்கிறதே. போன் அதை வீதியோடு ஒட்டிக் கணக்குப் போட்டது. நெவி ஒவ்வொரு பள்ளிவாசலுக்குள்ளும் போய்த் திரும்பிவரக் கணக்குப் போட்டது. ஐந்து கிலோமீட்டர் வித்தியாசம் வந்தது அப்படித்தான். இந்தப் பாதையில் அவன் நாலு தடவை ஓடிப் பார்த்திருக்கிறான். நாலு தடவையும் நெவி திரும்பச் சொன்ன இடத்தில் அவன் நேரே போயிருக்கிறான், வழி தெரிந்தவன் என்பதால்.

"அப்ப ஜும்ஆ நேரத்தில..." என்று நான் தொடங்கினேன்.

"யா அல்லாஹ்" என்றான் அவன்.

பகல் ஒரு மணி, முந்தலுக்கு வடக்கே ஒரு பள்ளிவாசல்.

ஒழுங்கையின் முடிவில் பச்சைக் கேற், அகலத் திறந்திருந்தது. உள்ளே முற்றம் முழுக்கச் செருப்புகள். தொழுகை முடிந்து ஆட்கள் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செருப்புகளுக்கு நடுவில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்யும் தொட்டியை ஒட்டி, சிவப்புப் பெட்டிகள் கட்டிய அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. விழுந்த அடையாளம் எதுவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி சைக்கிளைத் தொட்டுப் பார்த்தான், எஞ்சின் சூடா என்று அல்ல, நிஜமா என்று.

பள்ளிவாசல் நிர்வாகி வெள்ளைத் தொப்பியோடு வந்தார். தம்பி ஸலாம் சொல்லிவிட்டு அந்தச் சைக்கிளைக் காட்டினான்.

"வெள்ளக்காரப் பொம்புளயத் தேடி வாறீங்களா?" என்று அவரே கேட்டார்.

"ஓம் ஹாஜியார். மாப்புக் குடுங்க, தெரியாம நடந்திட்டு..."

"குத்பாப் பிரசங்கம் தொடங்கப் போற நேரம் டக டக எண்டு உள்ளுக்கு வந்தா. எல்லாரும் பாக்கிறாங்க. அவ இஞ்சினை நிப்பாட்டிப் போட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிண்டா. மரியாதையான மனுசி. பக்கத்து வீட்டில கலியாணம். பொம்புளைகள் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

கலியாண வீட்டுக்குள் நான்தான் போனேன். பெரிய அறையில் பாய்கள் விரித்து, பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கலியாணங்களில் சோறு சஹனில்தான் வரும். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர், எல்லாருடைய கையும் ஒரே தட்டில். ஆறு பேர் சேராமல் மூடியைத் திறப்பதில்லை. கடைசி வட்டத்தில் தலைக்கு மேல் யாரோ கொடுத்த ஊதாச் சால்வையோடு, நெய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு இங்கிரிட். கோழிக்கால் அவர் பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தது. விருந்தாளிக்கு அதுதான் முறை.

என்னைப் பார்த்ததும் ஒரு கையை உயர்த்தினார். அந்தக் கையில் எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் பாஹி ஒட்டியிருந்தது.

"நீங்கதானா இவட ஆள்?" என்றார் பக்கத்தில் இருந்த பெண். மணமகளின் மாமியாம், ஹாஜரா. "எங்கட சஹனுக்கு அஞ்சு பேர்தான் இருந்தம். ஆறாவது ஆள் எங்க எண்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கிறம், இவ வந்து நிக்கிறா. அல்லாஹ் அனுப்பி வச்ச மாதிரி. நல்லாத் தின்றா, மாஷா அல்லாஹ்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்படியே அவர்களோடு பாயில் உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது ஆளுக்கும் கடைசி இனிப்பாக வட்டிலப்பம் இருந்தது.

வெளியே வந்ததும் இங்கிரிட் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளூர்க் குடும்பத்தோடு பகல் சாப்பாடு என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் ஒரு கலியாணத்தையே ஏற்பாடு செய்வீர்கள் என்று நினைக்கவில்லை, மிக அருமை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினால் போதும். கம்பனிக்கு நல்ல அறிக்கை போகும், ஒப்பந்தம் கைக்கு வரும், குழந்தையை விட்டுப் பிரிய வேண்டாம். ஆட்டு, ஆட்டு என்று மனசுக்குள் கத்தினேன். எனக்கு வெட்கமில்லை, அவன் என் தம்பி.

அவன் ஆட்டவில்லை. "இல்லை, இது என்னுடைய பிழை" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, புள்ளிகளைப் பற்றி, பள்ளிவாசல்களைப் பற்றி, வழி தெரிந்த திமிரில் நெவி சொன்னதைக் கேட்காமல் ஓடியதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். குளத்து வரம்பில் தடம் தேடியதையும் சொன்னான்.

இங்கிரிட் சால்வையைக் கழற்றி அழகாக மடித்தார். "இது இன்று எனக்கு நாலாவது பள்ளிவாசல். முதல் இரண்டிலும் தண்ணீர் தந்தார்கள். மூன்றாவதில் ஒருவர் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்து இரண்டு மணிநேரம் பேசிக்கொண்டிருந்தார், அங்கேதான் என் போனில் சார்ஜும் முடிந்தது. இது சமயச் சுற்றுலா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார். "இந்தப் பாதையை, வழி தெரியாத ஒருவர் ஓடிப் பார்த்தாரா?"

"இல்லை" என்றான் தம்பி.

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வழி தெரியுமா?"

புத்தளம் பஸ் நிலையத்திலேயே வழி தவறக்கூடியவள் நான் என்று உண்மையைச் சொன்னேன்.

"நல்லது. நாளைக்குத் திருத்திய பாதையில் சிலாபத்துக்குத் திரும்புவோம். நீங்கள் என் பின்னால் உட்கார்ந்து நெவியைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் தம்பி எங்களோடு வரக் கூடாது. நாம் யாரிடமும் வழி கேட்கவும் கூடாது."

புறப்படும்போது நிர்வாகி எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "தண்ணிக்கும் நிழலுக்கும் எப்பயும் வரட்டும், வெள்ளிக்கிழம பகல் மட்டும் வேணாம்" என்றார்.

மாலை, தில்லையடி.

உம்மா ஆறிய சோற்றைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. இங்கிரிட் உட்பட மூவரும் மறுபடி சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் கூட்டியிருந்தது.

சாப்பாட்டு மேசையிலேயே தம்பி வேலையைத் தொடங்கினான். மடியில் குழந்தை, கையில் போன். ஒவ்வொரு பள்ளிவாசலிலும் குத்திய புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்து வீதிக்கு இழுத்தான், நிற்கும் புள்ளியைக் கடந்து போகும் புள்ளியாக மாற்றினான். பள்ளிவாசல்களைத் தண்ணீர் கிடைக்கும் இடங்களாக வரைபடத்தில் பெயரோடு மட்டும் விட்டான். பிறகு திசையைத் திருப்பி, நெவிக்கு அனுப்பினான். இந்த முறை முதல் தடவையிலேயே போனது. இரண்டு கணக்கையும் ஒப்பிட்டான். போனில் எழுபத்து நாலு, நெவியில் எழுபத்து நாலு. அவன் கதிரையில் சாய்ந்து விட்ட மூச்சில் மடியில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டது.

சனிக்கிழமை காலை.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். தம்பி அதற்கு முன்பே பெரிய வீதியால் சிலாபத்துக்குப் போய்விட்டான். முன்னால் இங்கிரிட்டின் அகலமான தோள், அதற்கு அப்பால் நெவியின் சின்ன வெளிச்சம். வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம் என்று அவர் காதில் கத்தினேன். களப்பில் கொக்குகள் நின்றன. தென்னந்தோட்டத்துக்குள் வெயில் கோடு கோடாக விழுந்தது. குளத்து வரம்பில் கண்ணை மூடிக்கொண்டு ஆயத்துல் குர்ஸி ஓதினேன். அந்த இடத்தில் நெவி எப்படியும் ஒன்றும் சொல்லாது. நேற்றைய பச்சைக் கேற்றுக்குப் போகும் ஒழுங்கை வந்தபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நெவி பேசாமல் இருந்தது. நேரே போனோம். இங்கிரிட் ஹோர்ன் அடித்துக் கொண்டாடினார்.

பத்தேகால் மணிக்குச் சிலாபம். தேநீர்க் கடை வாசலில் தம்பி எழுந்து நின்றான். தானே எங்களைத் தேடிக் கிளம்பிவிடுவான் என்று பயந்து, சைக்கிள் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்து, நாங்கள் வரும்வரை கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தானாம். "ரெண்டு தரம் கேட்டாரு, நான் குடுக்கல்ல" என்றார் கடைக்காரர்.

இந்த ஊர்களை விட்டு ஒவ்வொரு முறை பஸ் ஏறும்போதும் தம்பியை விமான நிலையத்துக்கு வழியனுப்பிய நாட்கள்தான் எனக்கு நினைவு வரும். கண்டியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் வெளிநாட்டில். அந்த வீடுகளில் பிள்ளைகள் வாப்பாவைப் போனுக்குள் பார்த்துத்தான் வளர்கிறார்கள். அந்தத் தேநீர்க் கடை வாசலில் நான் நினைத்ததெல்லாம் அதுதான்.

இங்கிரிட் ஹெல்மெட்டைக் கழற்றினார். கையுறையைக் கழற்றினார். பிறகு ஆங்கிலத்தில், அடுத்த மாதம் நாலு பேர், அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். "என்ன சொல்றா ராத்தா?"

"அடுத்த மாசம் நாலு பேர் வருவாங்களாம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும்."

அவனுக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் கேட்டான். "திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன்.